கப்பலில் வந்த டிரை ஸ்டவுட் பாட்டில் நீர்த்துக் கசக்கிறது, படத்தில் காணும் பாலாடை போன்ற நுரையும் இல்லை: பியர் கெட்டுவிட்டதா, எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் கெட்டுப்போனதற்கான அடையாளங்கள் அல்ல. கப்பல் வேலைக்குச் செல்பவர்கள் நிறைந்த ராயபுரத்தில் வசிப்பதால் இத்தகைய பாட்டில்களைச் சுவைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்டவுட் என்ற கருநிற பியர் வகையைச் சொன்னதும் இங்கே பலர் மனதில் கொள்வது இலங்கையின் லயன் ஸ்டவுட்டை, அது 8.8 விழுக்காடு ஆல்கஹாலும் இனிப்பும் கொண்டது. அயர்லாந்து மரபிலான டிரை (இனிப்பு தங்காத) ஸ்டவுட் பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காடுதான். சர்க்கரையின் பெரும்பகுதி நொதித்துத் தீர்ந்துவிடுவதால் அது நாவில் இலேசாகவே இறங்கும். பாலாடை போன்ற நுரை நைட்ரஜனால் வருவது. சாதாரண பாட்டிலில் கரியமில வாயு மட்டுமே இருப்பதால் நுரை சற்றுப் பெரிய குமிழ்களோடு எழுந்து விரைவில் தணியும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் மணம் அடங்கிக் கசப்பு மட்டுமே முன்னிற்கும். நம் ஊர் வெப்பத்தில் கால் மணி நேரம் வெளியே வைத்தால் 8 முதல் 12 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். இந்தப் பொறுமைதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எண்ணெய்ப் பிசுக்கு நுரையை அழித்துவிடும் என்பதால், கண்ணாடிக் கோப்பை சுத்தமாக இருக்க வேண்டும், மீன் வறுவலையும் மதிப்பீடு முடியும்வரை தள்ளி வைக்க வேண்டும். துறைமுகக் காற்றின் ஈரத்தில் கோப்பையின் மீது படியும் நீரைத் துடைத்துவிட்டு விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். கருமையின் விளிம்பில் மாணிக்கச் சிவப்பு தெரியும்.

அடுத்தது மணம். முளைக்கட்டாமல் வறுத்த பார்லிதான் இந்த வகைக்கு உயிர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1880-இல் மால்ட் (முளைகட்டிய தானியம்) மீதான வரி நீங்கிய பிறகே அதற்குச் சட்டப்படி இடம் கிடைத்தது. சிக்கரி கலக்காத டிகாக்ஷனை நினைவூட்டும் மணம் எழுந்தால் நல்லது. ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றும் வெப்பமும் பியரை முதுமையாக்கிவிட்டன என்று பொருள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாத வெயிலைக் கடந்த பாட்டிலுக்கு இது எளிதில் நேரும். பழைய கருநிற பியர்களில் சோயா சாஸ் வாடையும் வரும்.

இறுதித் தீர்ப்பை விழுங்கிய பிறகு வரும் சில நொடிகளிடம் விட்டுவிடுங்கள். நல்ல டிரை ஸ்டவுட்டில் வறுத்த கசப்பும் மெல்லிய புளிப்பும் சேர்ந்து வந்து, இனிப்பின் பிசுபிசுப்பு எதையும் விடாமல் நாவை உலர வைத்து விலகும், உடனே அடுத்த மிடறு கேட்கும். கரியைக் கடித்ததுபோன்ற சாம்பல் சுவையும் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பும் நெடுநேரம் தங்கினால், நிறமும் நுரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதற்கு உயர்ந்த மதிப்பெண் தரமாட்டேன். உங்களிடம் இன்னொரு பாட்டில் இருந்தால், அதன் கழுத்திலோ லேபிளிலோ உள்ள காலாவதித் தேதியை முதலில் பார்த்துவிட்டு, மேற்சொன்ன வெப்பநிலையில் மீண்டும் சுவைத்துப் பாருங்கள்.