தமிழ்வழியில் படித்து மென்பொருள் வேலைக்கு: கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகி இந்த வேலைக்கு வந்தவள் நான். அதே பின்னணியில் இருந்து வருகிற மாணவர்களுக்கு வார இறுதியில் சொல்லித் தருகிறேன். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா?

இரண்டும் நிரல் எழுதுகிற மொழிகள்தான், கல்லூரியில் எதை நடத்துகிறார்களோ அதையே படியுங்கள். ஒன்று உருப்படியாக வந்துவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இரண்டு அரியர் இருக்கிறது. ஐ.டி.க்குப் போக முடியுமா?

மெக்கானிக்கல் ஒரு தடையே இல்லை, பெரிய சேவை நிறுவனங்கள் பல எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. அரியர்தான் தடை. வேலையில் சேரும்போது அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்பார்கள், பல இடங்களில் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்பார்கள். முதலில் அந்த இரண்டு தாளையும் முடியுங்கள், கோடிங் அப்புறம்.

பிராஜெக்ட் என்ன செய்வது அக்கா? சீனியர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வாங்காதீர்கள். நேர்முகத் தேர்வில் "இந்த வரி எதற்கு?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது நோட்டில் கணக்கு எழுதுகிறார்களா என்று பாருங்கள், அதை எடுத்துச் செய்யுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். பாலில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவோ அதற்குத் தக்க லிட்டர் விலை மாறும். தினமும் வருகிற சீட்டை உள்ளிட்டால் பட்டுவாடாவுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று காட்டுகிற மாதிரி ஒரு சின்ன நிரலை அவள் எழுதினாள். கூட்டினால் சில நாள் பைசா ஒத்துவரவில்லை. ஏன் என்று தேடிப்போய்ப் பிடித்தாள்: தசமப் புள்ளி எண்களைக் கணினி இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். அதனால் தொகையை எல்லாம் பைசாவாக, முழு எண்ணாகவே சேமிக்கும்படி மாற்றினாள். நேர்முகத் தேர்வில் பாதி நேரம் இதைப் பற்றியே பேச்சு. வாங்கின பிராஜெக்டில் இது நடக்காது.

கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் கட்டினால் நேரடியாக வேலை என்கிறார்கள். நம்பலாமா?

கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குச் சம்பளம் தருவார், உங்களிடம் பணம் கேட்க மாட்டார். டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில்தான். போலி அனுபவச் சான்றிதழும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்ப்பார்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகுகூட வெளியே அனுப்புவார்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். கல்லூரிக்குப் பணம் இல்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, 2021-லிருந்து. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். கலந்தாய்வு வழியாகப் போனால்தான் இது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. முதல் பட்டதாரி சலுகையும் அப்படியே. இது தெரியாமல் ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும், பெயர் சேர்த்துவிட்டார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். சோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்துகிற பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

பைத்தான், ஜாவா எதற்கு ஸ்கோப் அதிகம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

பத்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். நீங்கள் தமிழில் சொல்லித் தருவது பிள்ளைகளை முடக்குகிற வேலை. நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில்தானே?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஒரு பையன் ரிகர்ஷன் (நிரலின் ஒரு பகுதி தன்னையே திரும்ப அழைப்பது) என்றால் என்ன என்பதை ஆங்கிலத்தில் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். நிறுத்துகிற நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன், முழித்தான். தமிழில் கேட்டதும், "தன்னையே கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்க்கா, ஸ்டாக் நிரம்பி நின்னுடும்" என்றான். ஸ்டாக் என்பது அந்த அழைப்புகளைக் கணினி அடுக்கி வைக்கிற நினைவக இடம். அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பேசியிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் முடிவு கட்டியிருப்பேன், அதைவிட மோசம், அவனே அப்படி நம்பியிருப்பான்.

கிளையன்டுடன் போனில் தமிழில் பேச முடியுமா? நகரத்துப் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள்.

அவர்களுக்குத் தப்பாகப் பேசினால் திருத்த வீட்டில் ஆள் இருக்கிறது. இவர்களுக்கு வகுப்பில் சிரிப்புதான் கிடைக்கிறது, அப்புறம் வாயே திறப்பதில்லை. அதனால் வரிசையை மாற்றுகிறேன். முதலில் தமிழில் புரிய வேண்டும். பிறகு அதே பதிலை ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்து, தானே கேட்டு, மறுபடி பேச வேண்டும். கிட் (Git) என்கிற கருவியில் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதுகிற கமிட் குறிப்பு முதல் வாரத்திலிருந்தே ஆங்கிலம். வகுப்பின் கடைசி அரை மணி நேரம் யாரும் தமிழ் பேசக் கூடாது, நானும்தான்.

நான் கல்லூரி ஆசிரியர். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும்போது என் வகுப்பில் யாரும் சந்தேகமே கேட்பதில்லை. ஆனால் தமிழில் ஆரம்பித்தவர்கள் கடைசி வருடம் வரை ஆங்கிலத்துக்கு மாறாமலே நின்றுவிடுவதையும் பார்க்கிறேன்.

இரண்டுமே உண்மை சார். அந்த அரை மணி நேரத்தை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடுகிற இடத்தில்தான் அது நடக்கிறது. முந்தைய கேள்வி கேட்டவருக்கு: பத்து வருட அனுபவம் இருக்கிறது என்கிறீர்கள். சனிக்கிழமை வந்து அந்த ஆங்கில அரை மணி நேரத்தை நீங்களே எடுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

ஏ.ஐ. வந்துவிட்டது, இனி ஃப்ரெஷருக்கு வேலையே இல்லையாமே?

வெறுமனே கோட் தட்டுகிற வேலைக்கு மதிப்பு குறைகிறது. ஏ.ஐ. எழுதித் தருவதைப் படித்து, எங்கே தப்பு என்று சொல்லத் தெரிய வேண்டும். அதனிடம் விளக்கம் கேளுங்கள், விடையை அப்படியே ஒட்டாதீர்கள்.

லேப்டாப் இல்லை. போனில் கற்க முடியுமா?

ஆரம்பிக்க முடியும். பைத்தான் நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிற கூகுள் கோலாப் தளம் போன் பிரவுசரிலேயே ஓடும். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், கணியம் தளத்தில் தமிழிலேயே மின்னூல்கள் இருக்கின்றன. ஆனால் கல்லூரி லேபில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தையும் விடாதீர்கள், விரல் கீபோர்டில் பழக வேண்டும்.

பைத்தானா ஜாவாவா?

இதற்கு இனி பதில் இல்லை தம்பி, மேலே இருக்கிறது.

கனடா பி.ஆர். பற்றிச் சொல்லுங்கள்.

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

தையல் கடை வைத்திருக்கிறேன் அம்மா. மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பப் பயமாக இருக்கிறது.

வணக்கம் அய்யா. உங்கள் பயம் நியாயமானது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு நடத்துகிற தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன, முதலில் அங்கே இடம் கேளுங்கள். இரவு ஷிப்ட் உண்டா, உண்டென்றால் வீடு வரை வண்டி விடுவார்களா என்று மகளை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். சேரும் நாளில் நீங்களும் கூடப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பணம் ஏதாவது கட்டச் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், இன்று இரவே படித்துச் சொல்கிறேன்.