பாஜக ஓட்டு 36 சதவீதத்திலேயே நின்றது, இடங்கள் மட்டும் 104-லிருந்து 66 ஆனது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது கர்நாடக சட்டமன்றத் தேர்தல் பற்றி: 2018-லும் 2023-லும் பாஜக வாங்கியது ஏறக்குறைய 36 சதவீதம்தான், பிறகு ஏன் 38 இடம் போனது, பெங்களூரில் இருப்பவர்கள் இந்த முடிவை எப்படிப் படிப்பது என்று. கணக்கில் தப்பில்லை. முதல் இரண்டு கட்சியை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. மூன்றாவது கட்சியான மஜத (மதச்சார்பற்ற ஜனதா தளம்) வாங்கியதையும் பாருங்கள்.

மொத்தம் 224 இடம், பெரும்பான்மைக்கு 113. 2023-ல் காங்கிரஸ் 135, பாஜக 66, மஜத 19. மீதி நாலில் சுயேச்சை இரண்டு, கல்யாண ராஜ்ய பிரகதி பக்ஷ ஒன்று, சர்வோதய கர்நாடக பக்ஷ ஒன்று. காங்கிரஸ் ஓட்டு 38-லிருந்து 43 சதவீதத்துக்கு ஏறியது, மஜத 18-லிருந்து 13-க்கு இறங்கியது. எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்திருந்த வரைக்கும் 36 போதுமானதாக இருந்தது. அது ஒரு பக்கமாகக் குவிந்ததும் போதவில்லை.

மாவட்ட வாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மண்டியாவின் ஏழு தொகுதியும் 2018-ல் மஜத கையில் இருந்தன. 2023-ல் அங்கே காங்கிரஸ் ஐந்து, மஜத ஒன்று, மேலுகோட்டையில் காங்கிரஸ் ஆதரவோடு சர்வோதய பக்ஷ ஒன்று. பழைய மைசூரு பக்கம் பாஜகவுக்கு ஓட்டு கூடியும் அது இடமாக மாறவில்லை. ஆனால் பெலகாவி மாவட்டத்தின் 18 தொகுதியில் பாஜகவின் பத்து இடம் ஏழாகக் குறைந்தது. ஒரு பக்கம் கூடுவதும் இன்னொரு பக்கம் குறைவதும் மாநிலச் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டி, அதே 36 என்று தெரியும். மாநில சதவீதத்தை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் தவறுவது இங்கேதான்.

மூடிகெரே தொகுதியையும் பாருங்கள். சீட்டு கிடைக்காத பாஜக எம்.எல்.ஏ. மஜதவில் சேர்ந்து நின்றார். காங்கிரஸ் ஜெயித்த வித்தியாசம் 722. அவர் பிரித்த ஓட்டு அதைப் போலப் பல மடங்கு.

பெங்களூரின் 28 தொகுதியில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2018-ல் காங்கிரஸ் 15, பாஜக 11, மஜத 2. 2023-ல் பாஜக 16, காங்கிரஸ் 12. ஆனால் இதை முழுக்க மக்கள் மனமாற்றம் என்று எடுக்கக் கூடாது. கே.ஆர்.புரம், யஷ்வந்தபுரம், ராஜராஜேஸ்வரி நகர், மகாலட்சுமி லேஅவுட் நான்கிலும் 2018-ல் வேறு கட்சியில் ஜெயித்தவர்களே கட்சி மாறி, 2023-ல் பாஜக சின்னத்தில் வந்தார்கள்.

2023-ல் பெங்களூரின் ஜெயநகரில் வித்தியாசம் வெறும் 16 ஓட்டு. தபால் ஓட்டின் அருமை இங்கே தெரியும். தபால் ஓட்டுச் சீட்டு உள் உறையில் இருக்கும். உறுதிமொழிப் படிவம் அதோடு வெளி உறையில் இருக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை என்றாலும், அதில் உள்ள சீட்டு எண் உள் உறையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளுபடி செய்வார்கள். தள்ளுபடியான தபால் ஓட்டுகளை விட வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றைத் திரும்பச் சரிபார்த்தாக வேண்டும் என்பது விதி. காந்தி நகரில் வித்தியாசம் 105. அந்தத் தொகுதியின் ஓகலிபுரத்தில் நம் தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஒரே தெருவில் அதை விட அதிக ஓட்டு இருக்கும். "ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது" என்பவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் கட்டாயம் சொல்லுங்கள்.

எண்களை ஒப்பிடும்போது தேதியைக் கவனியுங்கள். 2018 மே 12-ல் தேர்தல் நடந்தது 222 தொகுதிக்குத்தான், அதனால் சில பட்டியல்களில் காங்கிரஸ் 78 என்று இருக்கும். தள்ளிவைத்த ஜெயநகரும் ராஜராஜேஸ்வரி நகரும் சேர்ந்து 80 ஆனது. அதே போல 2024 இடைத்தேர்தலில் சென்னபட்டணாவும் ஷிக்காவியும் காங்கிரஸுக்குப் போனதால், 135-ஐ இன்றைய பலமாக எடுக்கக் கூடாது.

உங்கள் தெரு எப்படி ஓட்டுப் போட்டது என்று தெரிய, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20-ஐ இறக்குங்கள். பூத் வாரியாக ஒவ்வொரு வேட்பாளரின் ஓட்டும் இருக்கும், தபால் ஓட்டு கடைசியில் தனி வரியில் வரும். இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது பூத் எண்ணை நம்பாதீர்கள். வாக்காளர் கூடினால் பூத்தைப் பிரித்து எண்ணை மாற்றிவிடுவார்கள். பூத் இருக்கும் பள்ளியின் பெயரைக் கொண்டு தேடுங்கள்.