எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பிறகு எதற்கு எலும்பு ஸ்கேன்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. இப்போது இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் பேராதனையில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கறுப்பாகத் தெரிந்தால் நோய் பரவிவிட்டது என்று அர்த்தமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அன்றே திரும்பலாமா? (பொகவந்தலாவை வாசகி)

பதில்: ஓர் இடத்தில் எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் பிடிபடும். ஸ்கேன் அதற்கு முன்பே காட்டிவிடும். டெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீச்சுப் பொருள் சேர்த்த மருந்தை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். எலும்பு எங்கே மும்முரமாகப் புதிதாக வளர்கிறதோ, அங்கே அது அதிகமாகப் போய் ஒட்டும். அந்தக் கதிர்வீச்சைப் பிடிக்கும் காமா கமரா அதைப் படமாக்கும், அதிகம் ஒட்டிய இடம் கறுப்பாக விழும்.

ஆனால் எலும்பு வளர்வது புற்றுநோயால் மட்டுமல்ல. மூட்டுத் தேய்மானம், பழைய முறிவு, கிருமித்தொற்று எல்லாமே கறுப்பாகத்தான் விழும். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கிய முழங்காலும் முதுகும் சுத்தமாக இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்! அதனால், வழுக்கி விழுந்தது, கை முறிந்தது, பல் பிடுங்கியது என எல்லாவற்றையும் அம்மா அங்கே சொல்லட்டும். பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டு போங்கள். ஒரேயொரு புள்ளி தெரிந்தால் அதை வைத்து முடிவு கட்டமாட்டார்கள், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். முதுகெலும்பு, விலா, இடுப்பு என்று பல இடங்களில் சிதறிக் கிடந்தால்தான் பரவல் என்ற சந்தேகம் பலப்படும்.

பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஊசி போட்டபின் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். படுத்திருக்கும் நேரம் அரை மணி முதல் ஒரு மணி, அசையாமல் இருந்தால் போதும், வலிக்காது. மருந்தை அன்றன்றைக்கே தயாரிப்பார்கள், மறுநாளுக்கு வைக்க முடியாது. மண்சரிவால் பாதை அடைபட்டால் உடனே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அன்றே பஸ்ஸில் வீடு திரும்பலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சு பாதியாகும், மறுநாள் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அன்றிரவு மட்டும் பேரப்பிள்ளையை அம்மா பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம்.