நின்ற லாரியிலிருந்து விழுவது யார் தப்பு?

கேள்வி: எங்களிடம் 6 லாரிகள் ஓடுகின்றன. இந்த வருடம் இரண்டு டிரைவர்கள் கேபினிலிருந்து இறங்கும்போது விழுந்தார்கள். ஒருவருக்குக் குதிகால் எலும்பு உடைந்துவிட்டது. நின்ற வண்டியிலிருந்து விழுந்தால் அது அவர்களுடைய கவனக்குறைவுதானே?
– லாரி உரிமையாளர், திருச்செங்கோடு

பதில்: பாதித் தப்பு உங்கள் வண்டியில் இருக்கலாம். முதலில் அடிபட்டவரைப் பார்ப்போம். 1.2 மீட்டர் உயரக் கேபினிலிருந்து குதிப்பவர் மணிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுவார். மணிக்கணக்கில் உட்கார்ந்து மரத்துப்போன கால் சரியாக மடங்காது. அடி முழுதும் குதிகாலில் விழுந்து, இடுப்புவரை ஏறும். அதனால் குதிகால் உடைந்தவருக்கு முதுகெலும்பையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உருவிவிட்டுக் கட்டுப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். உள்ளே மூட்டு நொறுங்கியிருந்தால் வெளியே தெரியாது.

இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோல முகம் கேபினைப் பார்க்க வேண்டும். இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்கட்டும். டிபன் பாக்ஸ், செல்போனை சீட்டிலேயே வைத்துவிட்டு, இறங்கியபின் எட்டி எடுக்கலாம். ஸ்டியரிங் சுழலும், கதவு ஆடும். இரண்டையும் நம்பித் தொங்கக் கூடாது. நம் வண்டிகளில் டிரைவர் சீட் வலப்பக்கம். சாலையின் இடது ஓரம் நிறுத்தினால் போக்குவரத்துப் பக்கம்தான் இறங்கியாக வேண்டும். பின்னால் பஸ் வரும் பதற்றத்தில்தான் பலர் குதிக்கிறார்கள். கிளீனர் பக்கமாக இறங்கச் சொல்லுங்கள்.

இனி வண்டி. கீழ்ப்படி தரையிலிருந்து 40 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். தேய்ந்த தகட்டில் டீசலோ கிரீஸோ பட்டால் சோப்புதான். மேடு வரிகள் போட்ட செக்கர் பிளேட் தகட்டிலும் சேறு தங்கி வழுக்கும். ஓட்டைகளின் விளிம்பு மேல்நோக்கி நிற்கும் தகடு போட்டால் சேறு கீழே விழுந்துவிடும்.

உண்மையான வில்லன் கைப்பிடி. பல கேபின்களில் அது குட்டையாக, உயரத்தில் முடிந்துவிடும். கடைசிப் படிக்கு வரும்போது பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் மிச்சத்தைக் குதித்துத் தீர்க்கிறார்கள். கதவின் இரு பக்கமும் 25 முதல் 30 மி.மீ. குழாய் வையுங்கள். கை தாராளமாக நுழையப் பின்னால் 75 மி.மீ. இடைவெளி வேண்டும். வெறும் தகட்டில் ஸ்க்ரூ முடுக்கினால் பிய்ந்துவரும். உட்புறம் பட்டைத் தகடு கொடுத்து போல்ட் போடச் சொல்லுங்கள். பட்டறைக்கு அனுப்புமுன் உங்கள் டிரைவர்களில் குட்டையானவரை மெதுவாக இறங்கச் சொல்லி, அவர் கை விடுபடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். குழாயின் கீழ்முனை அந்தக் கோட்டுக்கும் கீழே வர வேண்டும்.