டிகிரி முடித்தபின் ராணுவத்தில் அக்னிவீராகச் சேர்வதா, அதிகாரியாவதா?

இறுதியாண்டு பி.எஸ்ஸி படிக்கும் நீங்கள், அக்னிவீருக்குப் போவதா, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிடிஎஸ் தேர்வை எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சிடிஎஸ் எழுதுங்கள் தம்பி.

அக்னிவீர் என்பது சிப்பாய் நிலை வேலை, அதுவும் 4 ஆண்டுதான். அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு ஊர் திரும்ப வேண்டும். வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் அதுவும் மரியாதையான வழிதான். ஆனால் வயது வரம்பு குறைவு, டிகிரி முடித்ததும் சீக்கிரமே அது தாண்டிவிடும்.

சிடிஎஸ் ஆண்டுக்கு 2 முறை நடக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ எனும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு மட்டும் போதும், கணக்குத் தாள் கிடையாது. என்சிசி 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு.

கடினமானது எஸ்எஸ்பி எனும் நேர்முகத் தேர்வு. 5 நாள். முதல் நாள் வடிகட்டலிலேயே பலரை அன்றே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மைதானத்தில் ஒரு கயிறு, ஒரு பலகை கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். அங்கே கத்துகிறவரைவிட, பக்கத்தில் நிற்பவரின் யோசனையைக் காதுகொடுத்துக் கேட்டுப் பலகையைப் பிடிக்கிறவர்தான் எடுபடுவார். ஆங்கிலத்தில் தயங்காமல் பேச இன்றே நண்பர்களோடு பழகுங்கள்.