மூன்று மாதம்கூட வாழாத சட்டம்

கேள்வி: ஐயா, நியூயோர்க்கில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது விமானம் புறப்படாமல் தரையிலேயே ஐந்து மணிநேரம் நின்றது. ஒரு கோப்பை தண்ணீர்கூடத் தரவில்லை. இணைப்பு விமானம் தவறி, சொந்தச் செலவில் ஹோட்டலில் தங்கினேன். பெட்டியும் பிந்தித்தான் வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் பயணிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது என்கிறான் மகன். அதன்படி வழக்குப் போடலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அம்மா, மகன் சொன்ன சட்டம் இருந்தது உண்மை. 2007 பெப்ரவரியில் பனிப்புயலால் கெனடி விமான நிலையத்தில் பயணிகள் பல மணிநேரம் விமானத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தக் கொதிப்பில் பிறந்த சட்டம் அது. மூன்று மணிநேரத்துக்கு மேல் தரையில் நின்றால் தண்ணீர், உணவு, காற்று, கழிப்பறை வசதி கொடு. தவறினால் பயணி ஒருவருக்கு 1,000 டொலர் வரை தண்டம். 2008 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது.

காரணம், 1978ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஒன்று. விமானக் கட்டணம், பாதை, சேவை ஆகிய மூன்றையும் பற்றி மாநிலங்கள் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது அது. கொழும்பின் கையில் உள்ள விடயத்தில் மாகாண சபை நியதிச்சட்டம் செய்தால் என்னவாகும் என்பதைத் திருகோணமலைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதையும் ‘சேவை’ என்று கணக்கில் வைத்தது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. விமான நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் தானே கொடுத்த வாக்கை மீறினால் மட்டும் மாநில நீதிமன்றம் போகலாம் என்று 1995இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ஒரு வழி விட்டது.

இப்போது மத்திய விதி இருக்கிறது. இரண்டு மணிநேரத்துக்குள் உணவும் தண்ணீரும் தர வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பயணமானால், விதிவிலக்கான நிலைமைகள் தவிர, நான்கு மணிநேரத்துக்குள் இறங்க விட வேண்டும். மீறினால் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு இணையவழியில் முறையிடலாம். தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இருந்தாலும் எழுதிப் போடுங்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது, சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனம் எதற்கெல்லாம் பொறுப்பு என்று நாடுகள் கூடி வகுத்த மொன்றியல் உடன்படிக்கைதான். இலங்கையும் அமெரிக்காவும் அதில் சேர்ந்தவை. கொழும்பிலிருந்து போய்த் திரும்பும் டிக்கெட் என்றால் சென்றடையும் இடமும் கொழும்பே. அதனால் இரண்டு ஆண்டுகளுக்குள் இங்கேயே வழக்குத் தொடரலாம். ஆனால் பட்ட அவதிக்குப் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கைவிட்டுப்போன காசுக்குத்தான் கணக்கு. ஹோட்டல் பற்றுச்சீட்டையும் போர்டிங் பாஸையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

பெட்டி விடயம் வேறு. அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உடைந்திருந்தால் 7 நாட்கள்தான். சட்டம் படித்த நானே இதில் கோட்டை விட்டிருக்கிறேன். என் பெட்டி ஆறு நாள் பிந்தி வந்தபோது, கட்டுநாயக்கவில் கவுண்டரில் இருந்த பையன் “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அங்கிள்” என்றான். அந்த ‘அங்கிளில்’ மயங்கி இரவு பஸ் ஏறிவிட்டேன். கடிதம் எழுதியது 24ஆம் நாள். ஒரு வரியில் மறுத்துப் பதில் அனுப்பினார்கள்.

பெட்டி வந்த திகதியை நீங்கள் எழுதவில்லை. இந்த இதழ் அச்சாகி வரும்வரை காத்திருந்தால் நாள் கடந்துவிடும் என்பதால், இதை மட்டும் தபாலட்டையில் முன்பே எழுதி அனுப்பிவிட்டேன். கிடைத்ததா?