ஒரே மாடல், ஒருவருக்குக் கொதிக்கிறது, இன்னொருவருக்குக் குறையில்லை: எதை நம்புவது?

கேள்வி: மகள் கட்டடக்கலை முதலாண்டு சேர்கிறாள். ரெவிட், ஸ்கெட்ச்அப் என்ற கட்டட வரைபட மென்பொருள்கள் ஓட வேண்டுமாம். 85,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். அது அடுப்பு மாதிரி கொதிக்கிறது என்கிறார்கள் சிலர். ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் சிலர். வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?
– திருச்சி வாசகர்

பதில்: இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சாமான் வேறு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவுசெய்கிறது. அதனால் முதலில், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதிலுள்ள முழு மாடல் எண்ணை வைத்துத் தேடினால்தான் நீங்கள் வாங்கப்போகும் அதே லேப்டாப்பைப் பற்றிப் படிக்கிறீர்கள்.

விமர்சனங்களில் டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டெலின் பெரும்பாலான லேப்டாப் சிப்புகளுக்கு எல்லையே 100 டிகிரி. 95-ஐத் தொட்டது என்பது மட்டும் பழுதாகாது. பார்க்க வேண்டியது, முழு வேகத்தில் ஓடவிட்டுப் பத்து நிமிடம் கழித்து சிப் எத்தனை வாட்டில் நிற்கிறது என்பது. 80 வாட்டில் பாய்ந்து கிளம்பி 30-இல் போய் உட்கார்ந்தால், கூலிங் போதவில்லை என்று அர்த்தம். நோட்புக்செக் போன்ற தளங்கள் இந்த வரைபடத்தையே போடுகின்றன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் சோதிக்கும் அறை பெரும்பாலும் 20, 25 டிகிரி. ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில் மே மாதம் 36 இருக்கும். அறைச் சூடு ஏறுகிற அளவுக்குச் சிப்பின் சூடும் ஏறும். அங்கேயே எல்லையைத் தொடும் லேப்டாப், இங்கே வேகத்தைக் குறைத்துத்தான் தப்பிக்கும்.

புகார் எழுதிய தேதியையும் பாருங்கள். 2018 ஜூலையில் ஐ9 சிப்போடு வந்த மேக்புக் ப்ரோ, சூட்டில் வேகம் இழக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஃபர்ம்வேரில், அதாவது சாதனத்துக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், ஒரு குறை என்று சொல்லி, அந்த மாதமே ஆப்பிள் அப்டேட் கொடுத்தது. அப்படிப்பட்ட பழைய புகாருக்காக ஒரு மாடலைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதே ஆப்பிளின் பட்டர்ஃப்ளை கீபோர்டு கதை வேறு. 2015-இல் வந்தது, தூசி போனாலே எழுத்து மாட்டிக்கொள்ளும். இலவசப் பழுதுபார்ப்பு 2018-இல்தான் வந்தது. உடம்பிலுள்ள குறை வெளியே தெரிய வருடக்கணக்காகும். சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது.

கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்களின் பட்டியல் இருக்கும். ஃபேன், வெப்பம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், சூட்டுப் பிரச்சினையைத் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்கள்.

பழுதுபார்க்க என் மேஜைக்கு அதிகம் வருவது சூடு அல்ல, ஹிஞ்ச், அதாவது மூடியைக் கீழ்ப்பாகத்தோடு இணைக்கும் கீல். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டில்தான் அதன் ஸ்க்ரூ நிற்கிறது. ஹிஞ்ச் இறுக்கமாக இருந்து, மூடியை ஒரு மூலையைப் பிடித்தே திறந்துகொண்டிருந்தால், நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். ஷோரூமில் டெமோ பீஸை நடுவில் பிடித்துப் பலமுறை திறந்து மூடுங்கள். கீழ்ப்பாகம் சேர்ந்து எழும்பினாலோ, ஓரத்தில் விரிசல் வாய் திறந்தாலோ வேறு மாடல் பாருங்கள்.

வாங்கிவிட்டால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் ஒரு மதியம் ஒதுக்குங்கள். கெடு எத்தனை நாள், மாற்றுவார்களா, சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார்களா என்று முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஏசியை அணைத்து, சார்ஜரைச் செருகி, சிப்பின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற மென்பொருளை ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு அதிலேயே பத்து நிமிடச் சோதனை. பக்கத்தில் சூட்டையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும். முதல் சுற்றைவிட மதிப்பெண் பத்து, பதினைந்து சதவீதம் குறைந்தால் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்கு போனாலோ, ஓடும்போதே அணைந்தாலோ ஸ்கிரீன்ஷாட்டோடு அன்றே கடைக்குப் போய்விடுங்கள். சோதனையை மெத்தையின் மேல் வைத்துச் செய்யாதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொள்ளும், பழி லேப்டாப் மேல் விழும்.